டோட்டல் லாஸ்: ஆர்.சி.யைக் கைமாற்றுவதற்கு முன்

விபத்தில் நசுங்கிய கார் டோட்டல் லாஸ் (ரிப்பேருக்குப் பதில் முழு இழப்பாகக் கணக்கிடுவது) ஆகுமா என்பதற்கு விடை பாலிசித் தாளில் உள்ள ஐ.டி.வி.யில், அதாவது வண்டிக்குக் குறித்த இன்சூரன்ஸ் மதிப்பில், இருக்கிறது. பாலிசி விதிப்படி கணக்கிட்ட பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஐ.டி.வி. 6 லட்சம் என்றால் கோடு 4.5 லட்சம்.

'விதிப்படி' என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். வொர்க்‌ஷாப் 5.2 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றிலும் பாதியைத் தேய்மானமாகச் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) கழிப்பார். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்ப. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. கணக்கு 4.2 லட்சத்தில் வந்து நின்றால் அது வெறும் ரிப்பேர் கிளெய்ம். மீதி உங்கள் பையிலிருந்து.

அதனால் வெளிச்சேதத்தை மட்டும் வைத்து எஸ்டிமேட்டை முடிக்க விடாதீர்கள். ஏர்பேக் வெடித்த வண்டியில் டேஷ்போர்டு, ஏர்பேக் மாட்யூல், சீட் பெல்ட் வரை செலவு இழுக்கும். ஏப்ரனும் பில்லரும் (பாடியின் உள்ளே தாங்கும் பாகங்கள்) வளைந்திருப்பது பிரித்தால்தான் தெரியும். சர்வேயர் முன்னிலையில் பிரிக்கச் சொல்லி, கூடுதல் எஸ்டிமேட்டையும் அவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன் ஓடோமீட்டர், சேஸிஸ் எண், நான்கு பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் இல்லை என்று முடிவானால் வொர்க்‌ஷாப் பிரித்த கூலியும் வண்டியை நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகையும் கேட்கும். அதை யார் தருவது என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அன்றே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சால்வேஜ், அதாவது நொறுங்கிய வண்டியின் விலை. கம்பெனி ஏலத்தில் விட்டு, அதிக விலை கேட்டவரை உங்களுக்குக் காட்டும். ஆர்.சி.யோடு (பதிவுச் சான்றோடு) 1,60,000 என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். 1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்றால் கட்டாயக் கழிவு (கிளெய்மில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) 1,000 ரூபாய். 6 லட்ச ஐ.டி.வி.யில் இரண்டையும் கழித்துக் கம்பெனி தருவது 4,39,000. வாங்குபவர் தருவது 1,60,000. ஆர்.சி.யை ரத்து செய்து கொடுத்தால் அதே வண்டி இரும்பு விலைக்கு 90,000தான் போகும், ஆனால் கம்பெனி 5,09,000 தர வேண்டும். இரண்டிலும் உங்கள் கைக்கு வருவது 5,99,000தான். ஆர்.சி.யோடு விற்றால் லாபம் கம்பெனிக்கு. பெயர் மாறும்வரை ஆபத்து உங்களுக்கு. பழைய ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் திருட்டு வண்டிக்குப் போய்ச் சேர்ந்த வழக்குகள் உண்டு.

அதனால் 'ஆர்.சி. ரத்து அடிப்படையில் செட்டில்மென்ட்' என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி இனி ஓடாது என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. கேட்பதற்கு அதுவே நல்ல காரணம். ஆர்.சி.யோடுதான் என்று முடிந்தால், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களைக் கையெழுத்திட்டு வெற்றாகத் தராதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதியை நிரப்பி, அவருடைய அடையாள நகலோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிவிட்டதா என்று அரசின் வாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

லோன் இருந்தால் கம்பெனிப் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். 4.7 லட்சம் பாக்கி என்றால், மேலே சொன்ன 4,39,000 போக 31,000 நீங்கள் கட்டினால்தான் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்கும் 35-ம் படிவமும் வரும். இதற்குள் ஏல விலையின் கெடு முடிந்து, வாங்குபவர் விலையைக் குறைப்பது அடிக்கடி நடக்கிறது. கெடு தேதியை ஆஃபர் கடிதத்தில் பாருங்கள். நீட்டித்துத் தர வேண்டியது கம்பெனி. கிளெய்ம் நடக்கிறதே என்று இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள், சிபில் ஸ்கோர் விழும்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் இன்வாய்ஸ் விலைக்குக் கணக்குப் போடுவார்கள். ஷோரூம் இன்வாய்ஸும் சாலை வரி ரசீதும் தேடி எடுங்கள். இவை இல்லாமல்தான் பல கோப்புகள் தூங்குகின்றன.

தொகை குறைந்தால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது.

வண்டியை இழுத்துப் போவதற்கு முன் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கைக் கிழித்து, கணக்கையும் மூடிவிடுங்கள்.