மூங்கில் வில்லோடு 76 அம்பு: பூட்டான் பயணக் கணக்கு

நான் வில் பிடிக்கத் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது. ஞாயிறு காலைகளில் ஒரு சின்ன கிளப்பில் ரிகர்வ் வில், அதாவது ஒலிம்பிக்கில் பார்க்கிற, நுனி வெளிப்பக்கம் வளைந்த வில். 18 மீட்டரில் முப்பது அம்பு விட்டால் முப்பதும் தாளுக்குள் விழுந்துவிடும், அதில் ஏழெட்டு மஞ்சள் வட்டத்தில். அங்கே பேச்சே கிடையாது. ஒருவர் நாண் இழுக்கும்போது பக்கத்தில் இருமினாலே கோச் முறைப்பார். இந்தப் பழக்கத்தையும் கொஞ்சம் திமிரையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் பூட்டானுக்குக் கிளம்பினேன். வழிகாட்டியோடு ஏழு இரவுப் பயணம். ஏற்பாடு செய்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "பார்க்கிற இடத்தில் இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, மூங்கில் வில்லை எடுத்து நாலு அம்பாவது விட வேண்டும்."

தினமும் எத்தனை விட்டேன், எத்தனை பட்டது என்று நோட்டில் குறித்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள்

பாக்டோக்ராவில் இறங்கி, ஜெய்கானில் எல்லை தாண்டி, ஃபுன்ட்ஷோலிங்கில் பர்மிட். இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். நம் ரூபாயும் அவர்களுடைய நுல்ட்ரமும் சரிக்குச் சரி என்பதால் மனக்கணக்குப் போடும் வேலை மிச்சம். கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்தோம். அப்புறம் திம்பு வரை மலைப்பாதை, மனைவிக்கு வழியெல்லாம் வாந்தி. அம்பு: 0.

வழிகாட்டி இருபத்தாறு வயதுத் தம்பி. டிவி பார்த்துக் கற்ற இந்தி, என் இந்தியைவிட எவ்வளவோ மேல். எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு 'லா' போடுவார். "குசுசாங்போ லா" என்றால் வணக்கம், "காத்ரிஞ்சே லா" என்றால் நன்றி. ஆங்கிலத்தில் பேசினாலும் "யெஸ் லா", "ஓகே லா"தான். திம்பு வந்து சேர்வதற்குள் பிடிபட்டுவிட்டது: அது நம்முடைய 'ங்க'. வாங்க, சொல்லுங்க என்பதில் இருக்கிற அதே மரியாதை.

இரண்டாம் நாள், திம்பு

சாங்லிமிதாங் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வில்லாட்டத்தைத் தேசிய விளையாட்டாக 1971-இல் அறிவித்தார்கள், ஐ.நா.வில் பூட்டான் சேர்ந்ததும் அதே வருடம்தான் என்று தம்பி சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இலக்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இலக்கு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. சுமார் 145 மீட்டர். ஒலிம்பிக்கில் 70 மீட்டர்தான், அதுவும் பெரிய வட்டம். இங்கே இருப்பது மூன்றடி உயரம், ஓரடி அகலத்தில் வண்ணம் பூசி மண்மேட்டுக்கு முன்னால் நட்டு வைத்த ஒரு மரப்பலகை. நான் நின்ற இடத்திலிருந்து அது நட்டு வைத்த தீக்குச்சி மாதிரி தெரிந்தது. அதன் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இடைவேளை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் பக்கத்தில் இருந்தவர் சட்டென்று அம்பை விட்டார். அந்த ஏழெட்டுப் பேரும் சாவகாசமாக ஓரடி தள்ளி நின்றார்கள். அம்பு மண்ணில் குத்தியது. மறுபடியும் கத்தல்.

"சார், அவங்க எதிரணி. குறி தப்பட்டும்னு கிண்டல் பண்றாங்க. கூட நிக்கிறது இவரோட ஆளுங்க. இடப்பக்கம் போச்சா வலப்பக்கம் போச்சான்னு சைகை காட்டுவாங்க."

இரு கோடியிலும் இலக்கு உண்டு. ஆளுக்கு இரண்டு அம்பு விட்டுவிட்டு எல்லோரும் நடந்து அந்தப் பக்கம் போய், அங்கிருந்து இந்தப் பக்கம் எய்கிறார்கள். அன்று எல்லோர் கையிலும் காம்பவுண்ட் வில், நுனிகளில் கப்பி வைத்தது, வெளிநாட்டுச் சரக்கு. இப்போது பெரும்பாலும் அதுதான், மூங்கில் வில்லுக்குத் தனியாகப் போட்டிகள் நடக்கின்றன. பலகையில் பட்டதும் பட்டவரின் அணி வரிசையாக நின்று பாடிக்கொண்டே மெதுவாக ஒரு சுற்று ஆடியது. எய்தவர் இடுப்பில் ஒரு வண்ணத்துணியைச் செருகிக்கொண்டார். சிலர் இடுப்பில் நாலைந்து துணி தொங்கியது. அதைப் பார்த்தாலே அன்றைய கணக்கு தெரிந்துவிடும், ஸ்கோர்போர்டு தேவையில்லை.

அம்பு: 0. பார்த்தது மட்டும்.

மூன்றாம் நாள், புனாகா

திம்புவிலிருந்து புனாகா போகும் வழியில் தோசூலா கணவாய், 3,100 மீட்டர் உயரம், 108 சின்னச் சின்ன ஸ்தூபிகள். நான்கு படி ஏறியதும் மூச்சு வாங்கியது. புனாகா அதைவிட நன்றாகத் தாழ்வு, குளிர் விட்டிருந்தது. தங்கிய விடுதிக்குப் பின்னால் வயலோரத்தில் பலகை நட்டிருந்தார்கள். இருபத்தைந்து தப்படி தூரம்.

முதலில் உடை. ஆண்கள் உடுத்தும் அங்கிக்குப் பெயர் 'கோ'. நம் மொழியில் கோ என்றால் அரசன், எனக்கோ அதில் நிற்கவே தெரியவில்லை. கணுக்கால் வரை தொங்கும் அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, பின்பக்கம் இரண்டு மடிப்பு எடுத்து, 'கேரா' என்கிற இடுப்புக்கச்சையால் இறுக்கிக் கட்ட வேண்டும். தானாக வேட்டி கட்டத் தெரியாத மாப்பிள்ளைக்கு மாமன்மார் கட்டிவிடுவது போல, தம்பி என் முதுகில் முழங்காலை வைத்து இழுத்துக் கட்டிவிட்டார். மேலே தொளதொளவென்று தங்கும் துணி வயிற்றுக்கு முன்னால் பெரிய பையாக ஆகிவிடுகிறது. பர்ஸ், போன், பாதித் தின்ற ஆப்பிள் எல்லாம் அதற்குள். முதல் அம்பைப் பொறுக்கக் குனிந்தேன், அத்தனையும் தரையில்.

வில் இரண்டு மூங்கில் துண்டுகளை நடுவில் பிடி இருக்கும் இடத்தில் பொருத்திக் கட்டியது. குறி பார்க்க சைட் இல்லை, அம்பு வைக்கத் தாங்கி இல்லை. பிடித்திருக்கும் கையின் விரல்முட்டிதான் தாங்கி. ரிகர்வ் வில்லில் பிடிக்கு மேலே குடைந்திருப்பார்கள், அம்பு நேர் நடுவில் போகும். இதில் வில்லை ஒட்டி ஓரமாகத்தான் போயாக வேண்டும். விட்டதும் அம்பு நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிறகு நேராகிறது. அம்பு விறைப்பாக இருந்தால் அந்த நெளிவு வராது, வலக்கைக்காரனுக்கு இடப்பக்கம் ஓடும். என்னுடையது எல்லாம் இடப்பக்கம் ஓடியது. அதோடு ஒவ்வொரு தடவையும் இறகு என் விரல்முட்டியைக் கீறிக்கொண்டு போனது.

விடுதிக்காரர்கள் தவறாமல் "வெரி குட் சார்" என்றார்கள். அம்பு வயலுக்குள் போனபோதும் அதேதான்.

18 அம்பு. 0.

நான்காம் நாள், அதே வயல்

காலையில் புனாகா கோட்டை. 1637-இல் கட்டத் தொடங்கியது, போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் நிற்கிறது. அங்கே தம்பி சொன்ன ஒரு கதை இன்னும் மண்டையில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் திபெத்தில் பௌத்தத்தை ஒடுக்கிய லாங்தர்மா என்ற அரசனை ஒரு துறவி அம்பெய்து கொன்றாராம். லாலுங் பெல்கி தோர்ஜே என்று பெயர். நடனமாடுகிறவர் போல வந்து, அகலமான சட்டைக் கைக்குள் வில்லை ஒளித்து வைத்திருந்தாராம். திருவிழாக்களில் ஆடும் கருப்புத் தொப்பி நடனத்தை அந்த நாளின் நினைவு என்கிறார்கள். கொல்லாமை பேசும் மதத்தில் இந்தக் கதை எப்படி உட்கார்ந்தது என்று கேட்டேன். "அவன் மேலும் பாவம் சேர்க்காம இருக்கத்தான் சார்" என்றார். இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

மாலையில் தூரத்தைப் பதினைந்து தப்படியாகக் குறைத்தேன். வெட்கம்தான், ஆனால் வேறு வழியில்லை. அன்றைக்குக் கற்றது ஒன்று: கிளப்பில் அம்பெல்லாம் ஒரே தொழிற்சாலைப் பிள்ளைகள், எடை, நீளம் எல்லாம் ஒன்று. இங்கே கொடுத்த ஆறு மூங்கில் அம்பும் ஆறு குணம். ஒன்றுக்கு நடுவில் கருத்த கணு இருந்தது, அது மட்டும் சொன்ன பேச்சு கேட்டது. இன்னொன்று லேசாக வளைந்தது, எப்படி விட்டாலும் இடப்பக்க வரப்புக்கே போனது. கருங்கணுவை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்து விட்டேன்.

24 அம்பு. 3, மூன்றும் கருங்கணு.

ஐந்தாம் நாள்

பாரோவுக்குப் பயணம், கை வீக்கம். நாண் அடித்து இடக்கை உள்பக்கம் ஊதா நிறத்தில் இருந்தது. கையில் கார்ட் (காப்புப் பட்டை) கட்டாமல் விட்டது என் தப்புதான். சாப்பாட்டுக்கு எமா தாட்சி: பச்சை மிளகாயைக் காய்கறி மாதிரி பாலாடைக்கட்டியில் வேகவைத்தது. காரம் நமக்குப் புதிதா என்று இரண்டாம் தடவை வாங்கிய நான் மூன்றாம் தடவை வாயைத் திறக்கவில்லை. அம்பு: 0.

ஆறாம் நாள், பாரோ

காலையில் செங்குத்துப் பாறையில் ஒட்டி நிற்கும் தக்சாங் மடம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், முழங்கால் போய்விட்டது என்பதோடு விடுகிறேன்.

மாலையில் தம்பி தனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். அறுபதைத் தாண்டியவர். தம்பி அவரை 'அபா' என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியில் அபா என்றால் அப்பா. எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. வயலோரத்தில் அவரும் கூட்டாளிகள் ஐந்து பேரும் மூங்கில் வில்லோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஆசையாக ஒரு வில்லைத் தொடப் போனாள். தம்பி கூச்சத்தோடு தடுத்தார். ஆட்டத்துக்கு உரிய வில்லைப் பெண் தொட்டால் குறி கெடும் என்று ஒரு நம்பிக்கை.

"அப்போ ஒலிம்பிக்குக்கு மட்டும் எப்படிப் பொண்ணுங்க போறாங்க?"

தம்பி சிரித்தார். 1984-இல் முதல்முதலாக லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனபோது பூட்டான் அனுப்பியது வில்லாளிகளை மட்டுமே, அதிலேயே பெண்கள் உண்டு. டோக்கியோவுக்குச் சலுகை இடம் இல்லாமல் தகுதிச்சுற்றில் ஜெயித்துப் போன கர்மாவும் பெண்தான். "அது வேற வில்லு மேடம்" என்று முடித்துக்கொண்டார். மனைவிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஆனாலும் அடுத்தவர் வில், அவர் சொன்னால் சரி.

அபா ஒரு தோமா நீட்டினார். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு. பாட்டி உரலில் இடித்துக் கொடுத்துத் தின்று வளர்ந்தவன், இதற்கா பயப்படுவேன்? பாக்கு ஈரமாக, புளித்த நாற்றத்தோடு, பாதிப் பாக்கு அப்படியே. இரண்டு நிமிடத்தில் காது சுட்டது, நெற்றி வியர்த்தது. முதல் நான்கு அம்பு எங்கே போனது என்று எனக்கே தெரியாது. அபாவின் கூட்டாளிகள் கைதட்டினார்கள். "வெரி குட்."

அப்புறம் அபா வந்து என் தோளைத் தட்டினார். நான் நாணைத் தாடையில் கொண்டுவந்து நிறுத்தி, மூச்சைப் பிடித்து, குறி பார்த்து விடுகிறவன். அவர் தலையாட்டிவிட்டுத் தானே ஒன்றை விட்டுக் காட்டினார். இழுத்தது தெரிந்தது, விட்டது தெரிந்தது, நடுவில் நிறுத்தியது தெரியவில்லை. பார்வை மட்டும் பலகையை விட்டு நகரவே இல்லை. தம்பி மொழிபெயர்த்தார்: "ரொம்ப யோசிச்சா கை நடுங்குது, வில்லுக்கு அது தெரிஞ்சுடுதுங்கறார்."

பத்துப் பதினைந்து அம்பு அப்படியே விட்டேன். முப்பது தப்படி தூரம். ஒன்று பலகையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. சத்தம் கேட்டதும் அவர்களுக்குள் ஏதோ பேச்சு. ஆளைப் பிரித்தார்கள், என்னை அபா பக்கம் சேர்த்தார்கள். எதிரணியில் குள்ளமான ஒருவர் மண்மேட்டின் ஓரத்துக்குப் போய், பலகையிலிருந்து பத்தடியில் நின்றுகொண்டார். இடுப்பில் கை.

வில்லை இறக்கிவிட்டேன். "அவரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க தம்பி."

"அவர் நகர மாட்டார் சார். நீங்க பலகையைப் பாருங்க."

மூன்று தடவை இழுத்து மூன்று தடவை இறக்கினேன். நான்காவது தடவை விட்டேன், அம்பு பத்தடி முன்னாலேயே தரையில் விழுந்தது. குள்ளமனிதர் குனிந்து, கையை நெற்றியில் வைத்து, காணாமல் போன ஆட்டைத் தேடுகிறவர் மாதிரி வயல் முழுக்கத் தேடினார். பிறகு உரக்க ஏதோ கத்தினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன சொல்றார்?"

"உங்க அம்புக்குப் பசியாம் சார். சாப்பிட்டுட்டு வருமாம்."

அதற்குப் பிறகு ஒருவரும் வெரி குட் சொல்லவில்லை. ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வசை. என் தொப்பை, என் கோவின் மடிப்பு, தோமா தின்று நான் வியர்த்தது எல்லாம் வந்தது. கிளப்பில் இருமலுக்கே கை தடுமாறுகிறவன் நான். எரிச்சல்கூட வந்தது. எரிச்சலில் யோசிக்காமல் விட்ட ஒன்று டொக்கென்று பலகையில் நின்றது. ஒரு வினாடி நான் நம்பவில்லை. அபா ஓடி வந்து என் கச்சையில் ஒரு மஞ்சள் துணியைச் செருகினார். ஐந்து பேரும் வரிசையாகக் கையை உயர்த்திப் பாடி ஆடினார்கள், கத்திய குள்ளமனிதர் உட்பட. எனக்குக் கால் பொருந்தவில்லை. வலது எடுக்கும்போது எல்லோரும் இடது எடுத்தார்கள்.

முப்பத்திரண்டு அம்பில் 4. நடு வட்டத்தில், அவர்கள் சொல்லும் 'கரே', ஒன்றுகூட இல்லை.

இருட்டுவதற்கு முன் முழுத் தூரத்துக்கும் இரண்டு அம்பு விட அனுமதி கேட்டேன். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி விட வேண்டும். அபா விட்டால் அம்பு மூன்று வினாடிக்கு மேல் காற்றில் இருக்கிறது, எங்கே என்று நாம் தேடும்போது அந்தப் பக்கத்திலிருந்து கூச்சல் வருகிறது. நான் விட்ட முதலாவது தொண்ணூறு தப்படியில் விழுந்தது, இரண்டாவது எண்பதில். குள்ளமனிதர் அந்தக் கோடியிலிருந்து எதையோ கத்தி, இரண்டு கையாலும் ஒரு சைகை காட்டினார். அன்றைக்கு அதுதான் பெரிய சிரிப்பு. அபா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "கடைசியா என்ன தம்பி சொன்னார்?"

"விடுங்க சார். மேடம் இருக்காங்க."

"கையாலதான் காட்டினாரே" என்றாள் பின்சீட்டிலிருந்து. "எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு."