கொழும்பில் இருக்கும் எங்கள் காசு

போன கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். வயது இருபது. கிளிநொச்சி டவுனில் ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது. முதலாளி இரண்டு வழி சொன்னாராம். ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டுவதென்றால் சம்பளத்தில் வெட்டு விழும். அது வேண்டாம் என்றால் மாதம் இரண்டாயிரம் ரூபா கூட்டிக் கையில் தருவார்.

"கையில வாங்கிறதுதானே அக்கா நல்லம்? கொழும்புக்குப் போற காசை ஆர் கண்டது?"

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முதல் என்றால் நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டேன். "உனக்கென்ன விசரே" என்று ஏசி அனுப்பியிருப்பேன். அன்று எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "ரெண்டு நாள் பொறு, சொல்லுறன்" என்றேன். ஏன் வாய் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவில் இருந்து தொடங்க வேண்டும். அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பு பக்கத்தில் கிடைக்கும் என்பதால் அந்த இடத்தில் கட்டிய தொழிற்சாலை. கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் அங்கேதான் செய்தார்கள். எண்பதுகளில் சண்டையோடு மூடிவிட்டார்கள். அப்பா தோட்டத்துக்குத் திரும்பினார். ஆனால் அவருடைய சேமலாப நிதி அட்டையை மட்டும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோதும் அது கூட வந்தது. 2009 இல் மாத்தளனில் ஒரு பங்கருக்குள் அந்தப் பை போய்விட்டது. அடையாள அட்டை, காணி உறுதி, அண்ணாவின் படம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

மெனிக்பாம் முகாமில் இருந்து 2010 இல் உருத்திரபுரத்துக்குத் திரும்பியபோது அப்பாவுக்கு 55 வயது. ஆண்கள் அந்தக் காசை எடுக்கும் வயது. கையில் அட்டை இல்லை, ஆனால் இலக்கம் மனதில் இருந்தது. தேவாரம் மாதிரி ஒப்புவிப்பார். இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தார். "கடிதம் கொண்டு வாங்கோ", "அடுத்த கிழமை வாங்கோ" என்று எத்தனை தரம் திருப்பி அனுப்பினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 2012 இல் காசு வந்தது. பெரிய காசில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஒரு பழைய மோட்டர் வாங்கினார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "எல்லாம் போச்சுது பிள்ளை. ஆனா அங்க ஒரு புத்தகத்தில என்ர பேர் இருந்திருக்குது."

இருபத்தைந்து வருடச் சண்டை. எங்கள் பக்கத்தில் வங்கிக் கிளை இருந்தது, பிறகு இல்லாமல் போனது. தபால் போனது, நின்றது. அவ்வளவுக்குள்ளும் எங்கோ ஒரு பேரேட்டில் பரந்தன் தொழிலாளி ஒருவரின் பெயருக்கு நேரே வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கொழும்பில் எங்கள் வீடு நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

அடுத்த வருடம் நான் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனேன். விடிய ஐந்தரைக்கு பஸ். அடிப்படைச் சம்பளம் 12,500 ரூபா. அதில் 8 சதவீதம் என்னுடைய பங்கு, 1,000 ரூபா. தொழிற்சாலை 12 சதவீதம், 1,500 ரூபா. மாதம் 2,500 ரூபா என் பெயரில் கொழும்புக்குப் போகும். முதல் சம்பளச் சிட்டையை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். வேறு எந்த வரியையும் பார்க்கவில்லை, அந்த வரியை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அப்புறம் 2015 ஜனவரி 8, ஜனாதிபதித் தேர்தல். கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனால் வாக்கு எண்ணுவது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு. நானும் அம்மாவும் காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். அன்னச் சின்னத்துக்குப் போட்டோம். யாழ்ப்பாணத்தில் 74 சதவீதம், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 78 சதவீதம் மைத்திரிபால சிறிசேனவுக்கு விழுந்தது. அவரைத் தெரிந்து போட்டோம் என்று சொல்ல மாட்டேன். மகிந்த போனால் போதும் என்பது ஒரு பாதி. ஊழல் இல்லாத நல்லாட்சி என்ற சொல் மற்றப் பாதி. அந்தச் சொல்லை நான் நம்பினேன். தொழிற்சாலையில் என்னோடு தையல் லைனில் இருந்த பிள்ளைகளும் நம்பினார்கள். அன்றைக்கு வோட்டுப் போட்ட விரல் மையை அழியவிடாமல் ஒருத்தி நாலு நாள் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மை அழிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெப்ரவரி 27 வந்தது.

மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி என்று பேப்பரில் வரும்போது முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிணைமுறி என்றால் என்ன என்று கேட்டால் ஆருக்கும் தெரியாது. கடைசியில் எங்கள் சீட்டை வைத்துத்தான் நான் விளங்கிக்கொண்டேன். லைனில் இருபது பேர் சேர்ந்து ஏலச் சீட்டுப் பிடிப்போம். காசு அவசரமாக வேண்டியவள் கழிவு கூட விட்டு எடுப்பாள். அந்தக் கழிவு மற்றவர்களுக்கு இலாபம். பிணைமுறியும் கிட்டத்தட்ட அப்படித்தான். காசு தேவைப்படுவது அரசாங்கம். இன்றைக்குக் கடனாக வாங்கி, வருடக்கணக்கில் வட்டி கொடுத்து, கடைசியில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் எடுத்தால் கழிவு ஏறும், வட்டியும் ஏறும்.

அன்றைக்கு 30 வருடப் பிணைமுறி ஏலம். 100 கோடி ரூபா வேண்டும் என்றுதான் அறிவித்தார்கள். எடுத்ததோ 1,000 கோடிக்கு மேல். பத்து மடங்கு எடுக்க வேண்டுமென்றால் நல்ல விலை கேட்டவர்களோடு நிற்க முடியாது, அடிமாட்டு விலை கேட்டவர்கள் வரைக்கும் இறங்க வேண்டும். எடுத்ததில் பாதி அளவு, நேராகவும் இலங்கை வங்கி ஊடாகவும், பெர்பெச்சுவல் ட்ரெஷரிஸ் என்ற ஒரே கம்பனிக்குப் போனது. அது அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன் அர்ஜுன் அலோசியஸோடு தொடர்புடைய கம்பனி. மகேந்திரனை ஆளுநராகக் கொண்டுவந்தது புது அரசாங்கம். மத்திய வங்கியைத் தன் அமைச்சின் கீழ் எடுத்தவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. எங்கள் சீட்டில், பிடிக்கிற அக்கா தன் மருமகனின் காதில் முதலே சொல்லி வைத்திருந்தால் நாங்கள் அடுத்த நாள் சீட்டைக் கலைத்திருப்போம். உள்தகவல் போயிருக்கிறது என்றுதான் பிறகு ஆணைக்குழுவும் சொன்னது.

எனக்கு நெஞ்சில் அடித்தது இதற்கு அடுத்த பகுதி. வாங்கிய முறிகளை அந்தக் கம்பனி கூடின விலைக்கு வெளியில் விற்றது. வாங்கிய அரச நிறுவனங்களில் முக்கியமானது எது? ஊழியர் சேமலாப நிதி. ஏலத்தில் நேரே குறைந்த விலைக்கு வாங்கியிருக்கக்கூடிய நிதி, கைமாறி வந்த பிறகு கூடின விலைக்கு வாங்கியது. அந்த நிதியை முதலீடு செய்வதும் அதே மத்திய வங்கி. என்னுடைய 2,500 ரூபாவும் அதற்குள்தான் இருந்தது. அதிகாலை பஸ்ஸில் நித்திரை தூங்கிக்கொண்டு போன எங்கள் எல்லோருடையதும்.

அந்த ஜூன் மாதம் 26 ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார்கள். பிணைமுறி பற்றி விசாரித்துக்கொண்டிருந்த, கோப் என்கிற பாராளுமன்றக் குழுவின் அறிக்கை அதோடு நின்றது. ஒகஸ்டில் தேர்தல், திரும்பவும் அதே ஆட்சி. எங்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அதில் எங்களுக்குப் பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்க்கட்சி என்றால் ஆளுகிறவரைக் கேள்வி கேட்க வேண்டும். தீர்வு வரும், அரசியலமைப்பு வரும், இந்த நேரத்தில் இவர்களைக் குழப்பக்கூடாது என்றுதான் ஊருக்கு வந்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பிணைமுறி என்ற சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது சிங்களவர்களின் பிரச்சினை, தெற்குப் பிரச்சினை என்று எங்கள் ஆட்களே நினைத்தார்கள். அது பிழை. வன்னியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போன ஒவ்வொரு பிள்ளையின் காசும் அதில் இருந்தது.

2016 ஒக்டோபரில் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையில் கோப் அறிக்கை வந்தது. ஆளும் கட்சி உறுப்பினர்கள் அதற்கு அடிக்குறிப்பு எழுதி எழுதி அதன் வலுவைக் குறைக்கப் பார்த்தார்கள். 2017 ஜனவரி கடைசியில் ஜனாதிபதி ஆணைக்குழு நியமித்தார்கள்.

அந்த வருடத்தை நான் வேறு விதமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். படங்களை மடியில் வைத்துக்கொண்டு, ஏ9 வீதிக்குப் பக்கத்தில், ஒரு கொட்டிலுக்குள். எங்கள் தொழிற்சாலை பஸ் கரடிப்போக்குச் சந்தியால் திரும்பி அந்த வழியால்தான் போகும். போகும்போதும் பார்ப்போம், இருட்டியபிறகு வரும்போதும் பார்ப்போம். அண்ணாவுக்காக எங்கள் அம்மாவும் போய் இருந்தா. கேப்பாப்பிலவில் சனம் விமானப்படை முகாமுக்கு முன்னால் காணிக்காக இருந்ததும் அதே நாட்களில்தான்.

கொழும்பில் ஆணைக்குழு நாளுக்கு நாள் கூடி விசாரித்தது. ஆர் எத்தனை மணிக்கு ஆருக்குத் தொலைபேசி எடுத்தார் என்பது வரைக்கும் பேப்பரில் வந்தது. முன்னாள் நிதியமைச்சர் ரவி கருணாநாயக்கவின் குடும்பம் இருந்த அடுக்குமாடி வீட்டின் வாடகை பற்றிச் சாட்சியம் வந்து, அவர் ஒகஸ்ட் 10 அன்று வெளிவிவகார அமைச்சுப் பதவியை விட்டு விலகினார். பிரதமரே நவம்பரில் போய்ச் சாட்சியம் சொன்னார். அம்மா ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டா: "ஒரு நாள் ஏலத்தில காசு எங்க போச்சுதெண்டு இவ்வளவு வடிவாத் தேடுறாங்கள். கையில பிடிச்சுக் குடுத்த பிள்ளையைத் தேட ஏலாதாமா?" நான் என்ன சொல்வது? காசும் கிடைக்கவில்லை, பிள்ளையும் கிடைக்கவில்லை.

அறிக்கை டிசம்பர் கடைசியில் கையளிக்கப்பட்டது. 2018 ஜனவரி 3 அன்று ஜனாதிபதி தொலைக்காட்சியில் சொன்னார். கம்பனி முறைகேடாக உழைத்தது 1,100 கோடிக்கு மேல். சேமலாப நிதி உட்பட அரச நிறுவனங்களுக்கு நட்டம் 850 கோடிக்கு மேல். நான் கல்குலேட்டரில் 2,500 ஆல் பிரித்துப் பார்த்தேன். 34 இலட்சம் மாதம் வந்தது. 34 இலட்சம் மாதத்துக்கு ஒரு பிள்ளையின் பெயரில் விழ வேண்டிய காசு.

பெப்ரவரி 4 இல் அலோசியஸைக் கைது செய்தார்கள். ஒரு கிழமைக்குள் வந்த உள்ளூராட்சித் தேர்தலில் தெற்கு முழுக்க மகிந்தவின் மொட்டுக் கட்சிக்கு அள்ளிக் கொடுத்தது. கள்ளரைத் துரத்துகிறோம் என்று வந்தவர்களே கள்ளத்துக்குக் கதவு திறந்தால் சனம் பழைய ஆளையே கூப்பிடும். மகேந்திரன் சிங்கப்பூருக்குப் போனவர் போனவர்தான். வழக்குகள் இழுபட்டன. 2021 டிசம்பரில் ஒரு வழக்கின் சில குற்றச்சாட்டுகளில் இருந்து பிரதிவாதிகள் விடுவிக்கப்பட்டார்கள்.

பிறகு 2022. மண்ணெண்ணெய் வரிசை, அரகலயப் போராட்டம், கோட்டாபய ஓட்டம். அதற்குப் பிறகு ஜனாதிபதிக் கதிரையில் வந்து இருந்தவர் ரணில். 2023 ஜூலை 1 அன்று பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை 122 வாக்குகளால் நிறைவேற்றியது. சேமலாப நிதி தன் பழைய முறிகளைக் கொடுத்து, வட்டி போகப் போக 9 சதவீதத்துக்கு இறங்குகிற புது முறிகளை வாங்க வேண்டும். மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு இருந்த 14 சதவீத வரி 30 ஆகும். வங்கிகளிடம் இருந்த இதே வகை முறிகளைத் தொடவில்லை. நாட்டைக் கடனில் இருந்து எடுக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் ஆருடைய பெட்டியைத் திறந்தார்கள் என்று பாருங்கள். எட்டு வருடத்தில் இரண்டாம் முறை, அதே பெட்டி.

அப்பா அதற்கு முந்தின வருடமே போய்விட்டார். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் ஆட்கள் முதல் முறையாகத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 6 ஆசனத்தில் 3, வன்னியில் 6 இல் 2. நம்பிக் கொடுத்தது கொஞ்சம், மற்ற எல்லோரிலும் வெறுத்துக் கொடுத்தது கூட. அன்றைக்கு கோப் அறிக்கையைக் கொடுத்த ஹந்துன்நெத்தி இப்போது கைத்தொழில் அமைச்சர். அந்த அறிக்கையில் எழுதியதை அவர் மறக்கக்கூடாது என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

சரி, அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். நேற்றுப் பின்னேரம் அவளைக் கூப்பிட்டேன். கையில் இரண்டாயிரம் கூடத் தருவது உதவி இல்லை, சட்டப்படி கட்ட வேண்டிய 12 சதவீதத்தை முதலாளி தன் பையில் வைத்துக்கொள்கிறார் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் ஈ.பி.எஃப். கட்டத்தான் வேண்டும். அவள் சம்பளம் 30,000. 12 சதவீதம் 3,600. இரண்டாயிரத்தைக் காட்டி 3,600 ஐ எடுக்கிறார்.

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "விளங்குது அக்கா. ஆனா கொழும்பில இருக்கிறவை திரும்ப எடுக்க மாட்டினமெண்டு நீங்கள் சொல்லுவீங்களோ?"

சொல்ல முடியவில்லை. அலுமாரியைத் திறந்து அப்பாவுக்கு 2012 இல் வந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவருடைய பெயர், அவர் ஒப்புவித்த அதே இலக்கம், தொகை. அவள் அந்த இலக்கத்தை மெதுவாக வாசித்தாள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்கப் போகிறாள். தனியப் போகப் பயமாம். நானும் போகிறேன்.