பதினொரு மணிப் பசி

ஜூன் 3, செவ்வாய்

நேற்று ராத்திரி 11.10. சமையலறையில் விளக்குக்கூடப் போடாமல், நின்றபடியே ஒரு பாக்கெட் சிப்ஸை முடித்துவிட்டேன். காலையில் குப்பையில் கிடந்த உறையை எடுத்துப் பார்த்தேன். 90 கிராம். 100 கிராமுக்கு 530 கலோரி என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் ஏறக்குறைய 480. நேற்று மதியம் நான் சாப்பிட்டதே அவ்வளவு இருக்காது.

மூன்று மாதமாக இதேதான் நடக்கிறது. பகல் முழுக்க அளந்து அளந்து சாப்பிடுகிறேன், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அத்தனையும் கைவிட்டுப் போகிறது. இன்றிலிருந்து எழுதி வைக்கப்போகிறேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அப்போது உடம்பும் மனசும் எப்படி இருந்தன, மூன்றையும்.

ஜூன் 4, புதன்

காலையில் வெறும் காபி. மதியம் ஒரு கிண்ணம் காய்கறி, பாதி ஆப்பிள். இரவு 7.30க்கு சூப். 10.50க்கு இரண்டு பிஸ்கட் எடுக்கலாம் என்று போனேன், ஒன்பது ஆயிற்று. அப்போது எப்படி இருந்தது என்ற இடத்தில் நான் எழுதியிருப்பது: வயிறு காந்தியது, தலை லேசாக வலித்தது. எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாள் இதற்கு நாக்கு ருசி, வாய்க்கட்டு இல்லாமை என்றெல்லாம் பேர் வைத்திருந்தேன். இது சாதாரணப் பசி.

ஜூன் 6, வெள்ளி

படித்தேன், நிறையவே படித்தேன்.

முதலில் ஒரு ஆறுதல். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரை 13 நாட்கள் மங்கலான வெளிச்சத்தில் வைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் வழக்கமான நேரத்திலிருந்து பிரித்து, பசி எப்போது ஏறுகிறது எப்போது இறங்குகிறது என்று பார்த்திருக்கிறார்கள். உடம்பின் உள் கடிகாரப்படி காலை 8 மணி வாக்கில் பசி மிகக் குறைவாகவும் இரவு 8 மணி வாக்கில் உச்சத்திலும் இருந்ததாம். இனிப்பு, உப்பு, மாவுச்சத்து மீதான ஆசையும் அதே போக்கில்தான் ஏறி இறங்கியது. காலையில் எனக்குச் சாப்பிடத் தோன்றாததும் ராத்திரி அலமாரி கூப்பிடுவதும் என்னுடைய குணக்கேடு இல்லை என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.

இரண்டாவது, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய பட்டினி ஆய்வு. தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள், 24 வாரம், வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதி. அந்த ஆண்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே யோசித்திருக்கிறார்கள், சமையல் புத்தகங்களை எடுத்துவைத்துப் படித்திருக்கிறார்கள். ஆய்வு முடிந்து விருப்பப்படி சாப்பிட விட்டபோது, வயிறு நிறைந்த பிறகும் சிலருக்குப் பசி தீரவில்லை. என் நிலை அதன் பக்கத்தில்கூட வராது, தெரியும். ஆனால் நானும் மத்தியானம் மூன்று மணிக்கு வேலையை விட்டுவிட்டுச் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 7, சனி

மோசமான நாள். மாலை ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டேன். ஒரு துண்டுதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் 'இன்றைய நாள் கெட்டுப்போயிற்று, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று மனம் சொல்லிவிட்டது, அப்புறம் பாதி ஐஸ்கிரீம் டப்பா காலி.

இந்த 'கெட்டதுதான் கெட்டது' கணக்கையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்களோ குடிக்காமல் இருந்தபோது சாப்பிட்டதைவிடக் குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். கோடு போட்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் கோடு தாண்டியதும் எல்லாம் போய்விட்டது. கேக் எனக்குச் செய்த கெடுதல் கொஞ்சம், அந்தத் திங்கட்கிழமை செய்த கெடுதல்தான் அதிகம்.

ஜூன் 9, திங்கள்

திங்கட்கிழமை வந்தது, ஆனால் எதையும் புதிதாகத் தடை செய்யவில்லை. நேர்மாறாகச் செய்தேன். காலையில் இரண்டு முட்டையும் ரொட்டியும். பசிக்கவில்லை என்றாலும் சாப்பிட்டேன், முதல் நாள் கொஞ்சம் தள்ளிக்கொண்டுதான் போனது. மதியம் முழுச் சாப்பாடு, அதில் பருப்பு தாராளமாக. சாயங்காலம் ஐந்துக்கு ஒரு பிடி வேர்க்கடலையும் ஒரு பழமும். இரவும் வயிறு நிறைய.

பயமாக இருந்தது. பகலிலேயே இவ்வளவு போட்டுவிட்டு ராத்திரியும் தின்றால் என்ன ஆவது என்று. பத்தரைக்கு அலமாரியைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். ஒன்றும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவில்லை, வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாள் அப்படியே போனது, இன்று போகவில்லை. இரவு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன், வயிற்றில் பசி துளியும் இல்லை. இருந்தும் 11 மணிக்குக் கை சாக்லேட்டைப் பிரிக்கிறது. அப்போது மகள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள்.

"அம்மா, நீ மட்டும் ஏம்மா இருட்டுல தனியா சாப்பிடறே?"

எட்டு வயது. குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பசிக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் பொய் சொல்லப் பிடிக்கவில்லை. இருக்கிற ஒரு துண்டை அவளுக்கும் கொடுத்துப் படுக்கவைத்தேன்.

அதற்குப் பிறகு வெகுநேரம் யோசித்தேன். காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை யாரோ ஒருவருக்காக ஏதோ ஒன்று செய்துகொண்டே இருக்கிறேன். யாரும் கூப்பிடாத நேரம் அந்தப் பதினொரு மணி ஒன்றுதான். அந்த நேரத்தில் எனக்கென்று ஏதாவது வேண்டியிருக்கிறது, கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது சாக்லேட். முட்டையும் பருப்பும் இதைத் தீர்க்காது.

ஜூன் 14, சனி

அவரிடம் பேசினேன். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை பாத்திரம், பிள்ளையின் பை, மறுநாள் வேலை எல்லாம் அவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். அந்த ஒரு மணி நேரம் நான் நடக்கப் போனேன், திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்டேன்.

காபி விஷயமும் ஒன்று. மாலை ஆறு மணிக் காபியை விட்டுவிட்டேன். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும், அதாவது பதினொரு மணிக்கும் பாதிக் காபி உள்ளே இருந்திருக்கிறது. தூக்கம் வராமல் விழித்திருந்தால் சமையலறைக்குத்தானே போவேன்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று வேலை இழுத்துவிட்டது, நான்கு மணி நேரம்தான் தூக்கம். இன்று என்ன சாப்பிட்டும் பசி அடங்கவில்லை, அதுவும் இனிப்பாகவே கேட்டது. 2004இல் வந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, 10 மணி நேரம் படுக்கவிட்டதோடு ஒப்பிட்டால், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. அதனால் இன்று என்னோடு சண்டை போடவில்லை. ஒன்பதரைக்குத் தயிரில் பழம் வெட்டிப் போட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பத்துக்குப் படுத்துவிட்டேன்.

மேசை என்பதை இனி மாற்றப்போவதில்லை. ராத்திரி எது சாப்பிட்டாலும் தட்டில் போட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து. பாக்கெட்டிலிருந்து நேராக வாய்க்குக் கிடையாது. சிப்ஸ் வேண்டுமென்றால் சிப்ஸ்தான், ஆனால் தட்டில்.

ஜூன் 20, வெள்ளி

அக்காவிடம் போனில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் வாரத்தில் மூன்று நான்கு நாள் நடு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எதையாவது சாப்பிட்டால்தான் திரும்பத் தூக்கம் வருகிறது, காலையில் ஒன்றும் இறங்குவதில்லை என்றாள். வருடக்கணக்காக இருக்கிறதாம். யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு நான் முட்டையும் நடையும் சொல்லவில்லை. இரவு உண்ணும் கோளாறு என்று ஒன்று இருக்கிறது, ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவர் 1955இலேயே அதை விவரித்திருக்கிறார். நாள் முழுக்கச் சாப்பிடுவதில் கால் பங்காவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போவது, அல்லது வாரத்துக்கு இரண்டு முறையாவது தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிடுவது, இவை அதன் முக்கிய அடையாளங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. "டாக்டர்கிட்ட போ அக்கா, நானும் கூட வர்றேன்" என்றேன். சர்க்கரைக்கு மாத்திரை வேறு எடுக்கிறாள், இரவுச் சாப்பாட்டைத் தானாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்பதையும் இரண்டு முறை சொன்னேன். அடுத்த வாரம் போகிறோம்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று வாரக் குறிப்பையும் புரட்டிப் பார்த்தேன். கடைசி பதினைந்து நாளில் ராத்திரி சாப்பிட்டது ஆறு நாள். அதில் நான்கு நாள் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாள், ஒன்று தூக்கம் கெட்ட நாள், ஒன்று மகள் பார்த்த அந்த நாள். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. பரவாயில்லை, காலையில் நெஞ்செரிச்சல் இல்லாமல் எழுந்திருக்கிறேன்.

இன்று 10.15க்குக் கொஞ்சம் பசித்தது. ஒரு வாழைப்பழம், தட்டில். சாப்பிட்டுவிட்டு, நாளைக் காலைக்கு முட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுதான் இருக்கிறது. காலையில் நடக்கப் போகும்போது வாங்கி வர வேண்டும்.