தாபோவில் முதுகு காட்டாத தெய்வம்

கைலாய யாத்திரைக்குப் பணமும் உடம்பும் தோதுப்படாதவர்கள், இமாச்சலப் பிரதேசத்திலுள்ள கின்னர் கைலாயத்தையாவது தூரத்திலிருந்து ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பத்துப் பேராகச் சேர்ந்து கிளம்புவதுண்டு. அப்படியே பக்கத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் தாபோ முதலிய புத்த மடங்களையும் தரிசித்துவிடலாம் என்று திட்டம் நீளும். நல்ல திட்டம். ஆனால் பெரும்பாலானோர் அதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மணாலி வழி தூரம் குறைவு என்று வண்டிக்காரர் சொல்வார். ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸாவுக்கு 200 கிலோமீட்டர்தான், உண்மை. மணாலி இருப்பது சுமார் 2,050 மீட்டரில். அங்கே ஓர் இரவு தூங்கிவிட்டு, மறுநாள் 4,551 மீட்டர் குன்சும் கணவாயைத் தாண்டி 3,650 மீட்டர் காஸாவில் படுத்தால், மூன்றாம் நாள் கோயிலுக்குப் போக ஆள் இருக்காது. தலையைப் பிடித்துக்கொண்டு அறையிலேயே கிடப்பார்கள். முதல் ராத்திரியே சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரம் என்று பேசி முன்பணம் வாங்கிவிடுகிற தரகர்கள் இருக்கிறார்கள். அது 4,250 மீட்டர். அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

சிம்லா வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள். சிம்லாவிலிருந்து 60 கிலோமீட்டரில் நார்க்கண்டா, 2,700 மீட்டர். முதல் இரவு அங்கே. அடுத்த இரண்டு இரவு கல்பாவில், 2,960 மீட்டர். இரண்டாவது இரவு எதற்கு, காசு வீண் என்று குழுவில் ஒருவராவது கேட்பார். அந்த இரவுக்காகத்தான் மற்ற எல்லாம். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் கணக்கு. பகலில் எவ்வளவு உயரம் போனாலும் ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதே முக்கியம்.

கல்பாவில் விடிவதற்கு முன் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். எதிர்ச்சரிவில் கின்னர் கைலாயத் தொடரின் முகட்டில் தனியாக நிமிர்ந்து நிற்கிற பாறைத்தூண்தான் லிங்கம். 79 அடி என்பார்கள். கல்பாவிலிருந்து விரல்நுனி அளவுதான் தெரியும். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏற அதன் நிறம் மாறுகிறது. மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும், பிறகு காத்திருந்து பயனில்லை. வேண்டுதல் இதற்காகவே என்றால் அது இங்கேயே நிறைவேறிவிட்டது. இனிமேல் கிடைப்பதெல்லாம் கேட்காமல் கிடைப்பது.

கல்பாவிலிருந்து தாபோ ஒரு நாள் பாதை, சுமார் 165 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். மதியத்துக்குப் பிறகு காற்று எழும். மரமே இல்லாத சரிவுகளில் தளர்ந்து கிடக்கிற கல் அந்தக் காற்றுக்கே உருண்டு வரும். வழியில் நாகோ என்ற ஊரை ஒட்டிய மாலிங் பகுதி இதில் பேர்போனது. ரெக்காங் பியோ பக்கம் டேங்க்கை நிரப்பிவிடுங்கள், அடுத்த பங்க் காஸாவில்தான். காப் என்ற இடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜில் கலக்கிறது. அதற்குப் பிறகு பச்சை என்பது ஊர் இருக்கும் இடத்தில் மட்டும். நாகோவில் ஏரியை வலம் வந்து, கோயிலைத் தரிசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஊர் அழகுதான், ஆனால் 3,660 மீட்டர். தாபோ 3,280. ஏறி இறங்கித் தூங்குவது உடம்புக்கு எவ்வளவு உதவி என்பது மறுநாள் காலையில் தெரியும். சும்தோ சோதனைச்சாவடியில் அடையாள அட்டை காட்ட வேண்டும். இந்தியர்களுக்கு இந்தப் பாதையில் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை.

சும்தோ தாண்டியதும் கியு கிராமத்துக்கு ஒரு கிளைச்சாலை பிரியும். உட்கார்ந்த நிலையிலேயே உயிர் பிரிந்த துறவி சங்கா டென்சினின் உடல் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. சுமார் ஐந்நூறு ஆண்டுப் பழமை. பல்லும் தலைமுடியும் இன்னும் தெரிகின்றன. 1975 நிலநடுக்கத்தில் சமாதி திறந்துகொண்டது, 2004-இல் உடலை வெளியே எடுத்தார்கள். ஜீவசமாதி என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் செல்ஃபி எடுக்கிறார்கள், என்ன சொல்ல.

தாபோவுக்கு இரண்டு இரவு. தட்டையான பள்ளத்தாக்கு, ஆப்பிள் தோட்டம், நடுவே மண்ணால் கட்டிய கட்டடங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழைய களஞ்சியம் மாதிரி இருக்கும். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று தோன்றத்தான் செய்யும். 996-இல் மேற்குத் திபெத்தின் குகே அரச மரபைச் சேர்ந்த யேஷே ஓ எழுப்பியது. 46 ஆண்டுகள் கழித்துப் புதுப்பித்ததாக உள்ளேயே கல்வெட்டுப் போல மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். தஞ்சையில் பெரிய கோயில் முடிவதற்கு முன்னால் தொடங்கியது இந்தக் கோயில். அது கருங்கல், இது வெயிலில் காய்ந்த மண்கட்டி. மழை எட்டாத பள்ளத்தாக்கு என்பதால் ஆயிரம் ஆண்டு நின்றிருக்கிறது. ஒரு கனமழை கூரையில் ஊறினால் உள்ளே ஓவியம் வழியும், அதுதான் இப்போதைய பயம்.

செருப்பைக் கழற்றி உள்ளே போகும்போது தடித்த காலுறை போட்டிருங்கள், தரை சில்லென்று ஏறும். சிறிய டார்ச் ஒன்று போதும். அதையும் துறவியிடம் கேட்டுக்கொண்டு, சுவரில் நேராக அடிக்காமல், விரலால் பாதி மறைத்துப் பிடியுங்கள். படம் எடுக்கக்கூடாது. கற்பூரம், ஊதுவத்தி, குங்குமம், விபூதி எதையும் கொண்டு போகாதீர்கள். காணிக்கையை உண்டியலில் போடுங்கள். கத்தா என்கிற வெள்ளைத் துண்டு சாத்த வேண்டுமானால் துறவி கையில் கொடுங்கள், அவர் வைப்பார்.

வெளியே கண்ணைக் கூசுகிற வெயில். உள்ளே போனதும் ஒன்றுமே தெரியாது. அங்கேதான் பலர் அவசரப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். உட்காருங்கள். நாலைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதலில் தூண்கள் தெரியும். பிறகு மண்டபத்தின் நடுவில் ஏதோ வெள்ளையாக மிதப்பது போல இருக்கும். அது வைரோசனர், ஐந்து தியானி புத்தர்களில் நடுநாயகம். நான்கு உருவங்கள், முதுகோடு முதுகு சேர்ந்து, நான்கு திசைக்கும் முகம் காட்டி, தாமரைமேல். எந்தப் பக்கம் போய் நின்றாலும் ஒரு முகம் நம்மைப் பார்த்தபடி இருக்கிறது. முதுகு காட்டாத தெய்வம். அதன்பிறகு சுவர்களிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள்: தலைக்கு மேல் உயரத்தில் முப்பத்திரண்டு மண் திருமேனிகள், சுவரில் ஒட்டியும் ஒட்டாமலும் அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மண்டலத்தை, அதாவது தெய்வங்களின் உலகைக் காட்டும் சக்கரப் படத்தை, துணியில் வரைந்து பார்த்திருப்போம். இங்கே நாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம்.

வாசல் கிழக்கே. வலம் வரத் தொடங்கினால் இடக்கைப் பக்கம் முதலில் வருவது தெற்குச் சுவர். திருமேனிகளுக்குக் கீழே பட்டையாக ஓடுகிற ஓவியத்தைக் கட்டாயம் பாருங்கள். கண்டவியூக சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலில் வரும் சுதனன் என்ற இளைஞனின் யாத்திரை அது. ஞானத்தின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீ சொல்லி அனுப்ப, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்களை ஒருவர் பின் ஒருவராகத் தேடி அவன் போகிறான். போகிற திசை தெற்கு. திராவிட நாட்டில் மேகன் என்ற ஆசானிடம் உபதேசம் கேட்கிறான். பிறகு பொதாலகம் என்ற மலையில் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரைக் காண்கிறான். அந்தப் பொதாலகம் நம் பொதிகைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பொதிகைப் பக்கத்து ஆள் இவ்வளவு மலை ஏறி வந்தால், இங்கே சுவரில் ஒருவன் ஆயிரம் வருஷமாகப் பொதிகைக்கு நடந்துகொண்டிருக்கிறான். இதற்கு மேல் என்ன எழுதுவது. பெருமானே, காட்டிக் கொடுத்தாயே என்று நிற்பதுதான். குழுவாகப் போனால் இந்த இடத்தில் யாரும் யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். வண்டி காத்திருக்கட்டும், மதியச் சாப்பாடு ஆறட்டும்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். காஸா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்; பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பிவிடும். லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கெடுதல் பலருக்கும் வரும். அதோடு வாந்தி சேர்ந்தால் மேலே ஏறக்கூடாது. ஒரு கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் வந்தால் நுரையீரலில் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வழி உடனே இறக்குவது. இங்கேதான் ஸ்பிதியின் பொறி இருக்கிறது: காஸாவிலிருந்து மணாலிப் பக்கம் இறங்க, முதலில் குன்சும் ஏற வேண்டும். அதனால் காஸாவில் உள்ள அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, தாபோ பக்கமே திரும்ப வேண்டும். மலைநோயைத் தடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவார்கள்; வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் அடிக்கடி வரும், அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது. கேன் ஆக்சிஜன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதை நம்பாமல் முகமூடியோடு ஒரு முறையான சிலிண்டர் வண்டியில் இருக்கட்டும். பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலரில் ஒன்பது பேருக்கு மேல் ஏறாதீர்கள். இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள். விரதம் இருப்பவர்கள் இந்த மலையில் அதைத் தள்ளிவைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

புளிக்காய்ச்சல் எடுத்துப் போவது புத்திசாலித்தனம். ஆனால் காஸாவில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்; திறந்த பாத்திரத்தில் வைத்த அரிசி வேகாது. குக்கர் இருக்கிற வீட்டுத் தங்கலாகப் பாருங்கள். சைவக்காரர்களுக்கு ராஜ்மா சாதமும் பரோட்டாவும் எங்கும் கிடைக்கும்.

தாபோவிலிருந்து காஸா 47 கிலோமீட்டர். இடையில் தங்கர் மடத்துக்கு ஏறுங்கள். 3,894 மீட்டரில், பாறை விளிம்பில் தூக்கணாங்கூடு மாதிரி தொங்குகிறது. கீழே ஸ்பிதியும் பின் நதியும் கூடும் இடம். உள்ளே பலகைத் தளம் நடக்க நடக்க அசைகிறது. கூட்டமாக ஏறாமல் நாலு நாலு பேராகப் போங்கள். மறுநாள் கீ மடம், 4,166 மீட்டர். மங்கோலியர் தாக்கியது, படையெடுப்பு, நிலநடுக்கம் எல்லாவற்றையும் பார்த்து நிற்கிறது. துறவிகள் மூலிகைத் தேநீர் தருவார்கள், விலை சொல்லமாட்டார்கள். அதற்காகச் சும்மா குடித்துவிட்டு வராதீர்கள்.

லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் என்ற மூன்று மலைக்கிராமங்களையும் ஒரே நாளில் முடித்து, ராத்திரி காஸாவுக்கே திரும்பிவிட வேண்டும். இந்த நாள்தான் பொறுமையைச் சோதிக்கும். ஹிக்கிம் தபால் நிலையத்தில் தபாலட்டைக்கு வரிசை. தலைக்கு மேலே ட்ரோன். லாங்ஸாவில் பெரிய புத்தர் அமைதியாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் காலடியிலேயே சுருள்கல் விற்கிறார்கள். நம்மவர்கள் பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சாளக்கிராமம்! உண்மையும் அதுதான்; கண்டகி நதியில் கிடைப்பதும் இங்கே கிடைப்பதும் ஒரே பழங்கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்ற சுருள் ஓட்டு உயிரிகளின் புதைபடிவங்கள். ஆனால் எடுக்கவும் விற்கவும் தடை உண்டு. கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு விட்டுவிடுங்கள். கோமிக்கில், 4,587 மீட்டரில், திபெத்திய பௌத்தத்தில் சாக்யப் பிரிவின் தாங்யுத் மடம். காவல் தெய்வ அறைக்குள் பெண்களை விடாத மடங்களும் வழியில் உண்டு. வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

திரும்பும் நாள் விடியற்காலையிலேயே காஸாவை விடுங்கள். பனியாறுகள் உருகி மதியத்துக்குமேல் ஓடைகளில் தண்ணீர் ஏறும்; குன்சும் தாண்டி வரும் படாலுக்கும் கிராம்பூவுக்கும் இடையே அவை சாலையின் குறுக்காகவே ஓடுகின்றன. காலையில் முழங்கால் அளவு இருக்கிற ஓடை, மாலை நான்கு மணிக்கு வண்டியை நகர விடாது. குன்சும் கணவாயில் மாதா கோயிலை எல்லா வண்டியும் வலம் வந்துதான் போகும், லாரி உட்பட. கல்லில் நாணயத்தை அழுத்தி, ஒட்டினால் வேண்டுதல் பலிக்கும் என்பார்கள். ஒட்டாதவர் முகத்தைக் குழுவில் யாரும் பார்க்காமலிருப்பது நல்லது. காற்று கடுமை, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

அங்கிருந்து இறங்குகையில், வண்டியில் மிச்சமிருக்கும் பிஸ்கட், ஊறுகாய், கையுறை, தலைக்குல்லாய் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி முன்சீட்டில் வையுங்கள். சாலை ஓரத்தில் தார் டிரம்மை உருட்டிக்கொண்டும், விழுந்த கல்லைக் கையாலேயே அப்புறப்படுத்திக்கொண்டும் ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிற்பார்கள். கல்பாவில் பார்த்த லிங்கத்தையும் தாபோவின் நான்கு முகங்களையும் நமக்குக் காட்டியது அவர்கள் கை. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, இரண்டு கையாலும் கொடுங்கள்.