ரோமா ஊர்க்காரர் ஆர்ட்டி: ஆரிஜின் சீசன் நாட்குறிப்பு

ஜூலை 2, 2025

ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதுற ரக்பி லீக் சீரிஸ்தான் ஆரிஜின். அடுத்த புதன்கிழமை சிட்னில மூணாவது மேட்ச், சீரிஸ் 1-1ல நிக்குது. பிரிஸ்பேன்ல எங்க போனாலும் இதே பேச்சுதான். எனக்கு இந்த சீசன் வந்தாலே பழைய ஆட்டக்காரர் ஆர்தர் பீட்சன், அதாவது நம்ம ஆர்ட்டி, நினைப்பு வந்துடும், அதான் இந்த வாரம் முழுக்க அவரைப் பத்தியே எழுதலாம்னு இருக்கேன்.

ஆர்ட்டி பிறந்தது 1945ல, ரோமாங்கிற ஊர்ல. பிரிஸ்பேன்ல இருந்து மேற்க கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர், மாட்டுச் சந்தைக்குப் பேர் போன இடம். அம்மா வழில பூர்வகுடி. ஊர் டீம்ல சென்டரா ஆடிட்டிருந்தவர் ரெட்கிளிஃப் கிளப்புக்கு வந்தார், 1965ல அந்த கிளப் பிரிஸ்பேன் கோப்பையை ஜெயிச்சுது, அடுத்த வருஷமே சிட்னி பால்மெய்ன் கிளப் அள்ளிட்டுப் போயிடுச்சு.

ஜூலை 4

ராத்திரி பழைய வீடியோவா தேடித் தேடிப் பார்த்தேன். ஃபார்வேர்டுன்னா அந்தக் காலத்துல முட்டி மோதி நாலு மீட்டர் எடுத்துக் குடுக்கிற ஆளு, அவ்வளவுதான். ஆர்ட்டி அப்படி இல்ல. பந்தை வாங்கிட்டு நேரா எதிர் டீம் லைனுக்குள்ள போவார், ரெண்டு மூணு பேர் மேல தொங்குவாங்க, ஆனா விழ மாட்டார், கை ரெண்டும் அவங்களுக்கு மேல ஃப்ரீயா இருக்கும். பக்கத்துல ஓடி வர்றவனை அவர் திரும்பிக்கூட பார்க்கல, பந்து மட்டும் கரெக்டா அவன் நெஞ்சுக்குப் போகுது. மூணு பேர் இவர்மேலயே கிடக்கிறதால அந்தப் பக்கம் காலி! இன்னிக்கு ஆஃப்லோடுன்னு சொல்லி ப்ராக்டிஸ் பண்றதை அந்த உடம்பை வச்சுக்கிட்டு அவர் பண்ணினதைப் பார்க்கணும்.

அவர் கறி வச்ச மீட் பை எத்தனை சாப்பிட்டார்ங்கிற கதையையே திரும்பத் திரும்பச் சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம்தான் வருது. அந்தக் கைய பத்தி பேசுங்கய்யா.

ஜூலை 6

சிட்னி வருஷங்கள்ல எல்லாம் சுகமா போகல. 1969 கிராண்ட் ஃபைனல் சமயத்துல தடைல இருந்தார், பால்மெய்ன் அவர் இல்லாமலே சவுத் சிட்னியை 11-2ல அடிச்சுது. அப்புறம் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் போனார், 1974, 75 ரெண்டு வருஷமும் கோப்பை, அதுலயும் 75 ஃபைனல்ல செயின்ட் ஜார்ஜை 38-0. 1977 உலகக் கோப்பை ஃபைனல்ல பிரிட்டனை 13-12ல ஜெயிச்சப்ப ஆஸ்திரேலியா கேப்டன் இவர்தான். எந்த விளையாட்டுலயும் ஆஸ்திரேலியாவுக்கு கேப்டனான முதல் பூர்வகுடி ஆள்.

ஆனா இவ்வளவு பெரிய ஆள் சொந்த மாநிலமான குயின்ஸ்லாந்துக்கு ஆட முடியல. எந்த ஊர் கிளப்ல ஆடுறியோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆடணும், அதான் ரூல். நியூ சவுத் வேல்ஸ்ல 1956லயே கிளப்புகள்ல போக்கர் மெஷின்னு சூதாட்ட மெஷின் வந்துடுச்சு, காசு கொட்டுச்சு, வடக்க இருந்து நல்ல ஆளுங்களை எல்லாம் வாங்கிட்டாங்க. அப்புறம் அதே ஆளுங்களை வச்சு குயின்ஸ்லாந்தையே அடிச்சாங்க, ஆர்ட்டியும் அந்த நீல ஜெர்சில ஆடினவர்தான். குயின்ஸ்லாந்து கடைசியா சீரிஸ் ஜெயிச்சது 1959ல. இதை அநியாயம்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?

ஜூலை 8

முதல் ஆரிஜின் மேட்ச் நடந்து இன்னியோட 45 வருஷம். 1980ல முதல் ரெண்டு மேட்ச்சும் பழைய ரூல்படி நடந்து நியூ சவுத் வேல்ஸ் 35-3, 17-7னு ஜெயிச்சாச்சு. மூணாவதை மட்டும், கிளப் எங்க இருந்தாலும் சொந்த மாநிலத்துக்கே ஆடலாம்னு குயின்ஸ்லாந்து ரக்பி லீக் தலைவர் செனட்டர் ரான் மெக்காலிஃப் விடாம நின்னு சாதிச்சார். சிட்னில பாதிப் பேர் அதைக் கேலி பண்ணினாங்க.

அப்ப ஆர்ட்டிக்கு வயசு 35, சிட்னி பாராமட்டா கிளப்ல ரிசர்வ் கிரேடு, அதாவது ரெண்டாவது டீம்ல ஆடிட்டிருந்தார். பிரிஸ்பேன் லாங் பார்க் ஸ்டேடியத்துல குயின்ஸ்லாந்தோட அந்த மெரூன் ஜெர்சில கேப்டனா முதல் ஆளா இறங்கி வந்தப்ப ஸ்டேடியமே அலறுச்சு, அந்த சத்தம் வீடியோலயே புல்லரிக்குது, நேர்ல இருந்தவங்களை நெனச்சா பொறாமையா இருக்கு. ஆட்டத்துல தன் சொந்த கிளப் ஆளான மிக் கிரோனினையே கைய வீசி அடிச்சுட்டார். சரின்னு சொல்ல வரல, ஆனா அன்னிக்கு அவர் எந்தப் பக்கம்ங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அன்னிக்குத்தான் இருபது வயசு ஆன மால் மெனிங்கா பந்தை உதைச்சு ஏழு கோல் அடிச்சார், பந்தை எதிர்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில வைக்கிற ட்ரை கெர்ரி பூஸ்டெட் ஒண்ணு, கிறிஸ் குளோஸ் ஒண்ணு. 20-10.

ஜூலை 10

நேத்து ஜெயிச்சுட்டோம், 24-12, அதுவும் சிட்னிலயே! தொண்டை போச்சு.

சாயங்காலம் ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான், ஒரே ஒரு ராத்திரி ஆடினதுக்கா அண்ணா ஆர்ட்டிக்கு லாங் பார்க் ஸ்டேடியம் வாசல்ல சிலை வச்சிருக்காங்கன்னு. ஒரு ராத்திரி இல்லப்பா. அடுத்த வருஷமே ரெட்கிளிஃபுக்குத் திரும்பி வந்து ஆடிக்கிட்டே கோச்சா இருந்தார், அந்த வருஷ கிராண்ட் ஃபைனல்ல பிரிஸ்பேன் சவுத்ஸ்கிட்ட 13-9ல தோத்தாங்க. குயின்ஸ்லாந்துக்கும் கோச். 1981ல நடந்த ஒத்த ஆரிஜின் மேட்ச்சை ஜெயிச்சார், 82, 83, 84 மூணு சீரிஸையும் ஜெயிச்சார். இருபது வருஷமா அடி வாங்கிட்டிருந்த மாநிலம் அதுக்கப்புறம்தான் தலை நிமிர்ந்துது.