திரை வாங்கும் முன் சுவரை அளக்க வேண்டும்

வீட்டில் பெரிய திரையில் படம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் நெடுநாள் ஆசை. அதனால் புரொஜெக்டர் வாங்கிய அன்றே, கடையில் இருந்தவற்றுள் பெரியதான 120 அங்குலத் திரையையும் வாங்கி வந்துவிட்டேன். அன்று மாலையே மாட்டிப் பார்த்தபோது, படம் திரையை நிரப்பாமல் இரு ஓரங்களிலும் ஐந்தைந்து அங்குலம் வெறும் துணியாக நின்றது.

புரொஜெக்டரில் பழுது ஏதும் இல்லை. நான்தான் அறையை அளக்கவில்லை. அதன் த்ரோ ரேஷியோ 1.5. அதாவது, படம் எவ்வளவு அகலம் விழ வேண்டுமோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் லென்ஸ் இருக்க வேண்டும். 120 அங்குலம் என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் உள்ள திரையில் அதன் அகலம் ஏறக்குறைய 105 அங்குலம், ஆகவே லென்ஸுக்கு 13 அடி தூரம் தேவை. எங்கள் அறையின் மொத்த நீளமே 13 அடிதான். புரொஜெக்டரின் உடலும் அதன் பின்னால் செருகும் வயர்களும் ஒன்றேகால் அடியை எடுத்துக்கொண்டுவிட்டன. ஜூம் வசதி உள்ள கருவியாக இருந்திருந்தால் ஓரளவு சமாளித்திருக்கலாம். என்னுடையதில் அது இல்லை.

வெளிச்சத்திலும் இழப்பு இருந்தது. 100 அங்குலத் திரை 87 அங்குல அகலமும் 49 அங்குல உயரமும் கொண்டது. அதிலிருந்து 120க்குப் போகும்போது எண்ணில் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது. அதே விளக்கின் ஒளி அவ்வளவு பரப்புக்கும் பங்கு போவதால், சதுர அடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைகிறது. பகலில் சன்னல் திரைச்சீலையைத் தாண்டி வெயில் கசியும் எங்கள் அறையில் அந்தக் குறைவு நன்றாகவே தெரிந்தது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தவர் அம்மா. பத்தடி தூரத்தில் சோபாவில் அமர்ந்து பார்த்தவர், அரை மணி நேரத்துக்குள் கழுத்து வலிக்கிறது என்று எழுந்துவிட்டார். திரையின் அகலம் கண்ணுக்கு 30 முதல் 40 பாகை வரையிலான கோணத்தில் தெரிவது வசதியானது என்பது பொதுவான கணக்கு. அதன்படி 100 அங்குலத் திரைக்குப் பத்தடியிலிருந்து பதின்மூன்றரை அடி வரை தள்ளி உட்காரலாம். நாங்கள் அதே பத்தடியில் 120 அங்குலத் திரையை வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து அளந்தேன். ஆறரை அடி நீளமும் நாலடி அகலமும் இருந்தது. மூலைக்கு மூலை ஏறக்குறைய 90 அங்குலம். அதைச் சுவரில் ஆணியடித்துக் கட்டி, வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தம்பிக்கு மட்டும் இன்னும் சற்றுப் பெரிதாக வேண்டும் என்று தோன்றியது. புதிதாகத் திரை வாங்கும் எவரையும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கும்படி மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் எத்தனை திரைகளைப் பார்த்தாலும் நம் சுவரில் அது எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியாது.

முடிவில் 100 அங்குலத்துக்கு மாறினோம். லென்ஸுக்குத் தேவையான தூரம் பதினோரு அடிக்குள் அடங்கிவிட்டது. கூரையில் மாட்டினால் நடுவில் ஓடும் மின்விசிறி ஒளியை வெட்டும் என்பதால், பின்சுவரில் ஆறரை அடி உயரத்தில் தாங்கி அடித்துப் புரொஜெக்டரைத் தலைகீழாகப் பொருத்தினோம். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் நிற்கிறது. அம்மா சோபாவில் சாய்ந்தபடியே, கழுத்தை நிமிர்த்தாமல் முழுப் படத்தையும் பார்க்கிறார்.