கூத்து வாத்தியாரும் ஒம்போதாவது பசங்களும்

கவர்மெண்ட் ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்த யார கேட்டாலும் இதே கததான் சொல்வாங்க. டிராயிங் பீரியட் வரும், நாம சார்ட்ட சுருட்டி எடுத்துக்கிட்டு கிளாஸ் வாசல் வரைக்கும் போவோம், உள்ள கணக்கு சார் ஏற்கனவே போர்டுல பாதி எழுதி முடிச்சிருப்பாரு. "போர்ஷன் முடியல மிஸ், இன்னைக்கு மட்டும்." 2012ல தமிழ்நாடு பூரா 16,549 பகுதி நேர ஆசிரியர் போஸ்டிங் போட்டாங்கள்ல, ஓவியம், தையல், பி.இ.டி., கம்ப்யூட்டர்னு, ஆரம்பத்துல மாசம் 5000 ரூபா, வாரத்துல மூணு அரை நாள், ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும், அதுல வந்தவதான் நானும். சம்பளத்தப் பத்தி பேச ஆரம்பிச்சா இந்த கட்டுரை வேற எங்கயோ போயிடும், அத விட்றலாம்.

இப்ப நான் இருக்கறது சேலத்துல சிவதாபுரம் பக்கம் ஒரு வாடகை கட்டடத்துல நடக்கற சின்ன சென்டர்ல. ஸ்கூல்ல நிக்க முடியாம வெளிய வந்த பசங்க, இல்ல பேரு மட்டும் ஸ்கூல் ரெஜிஸ்டர்ல இருந்து ஆளு போகாத பசங்க, பதிமூணு பதினாலுல இருந்து பதினேழு பதினெட்டு வயசு வரைக்கும் வருவாங்க. காலைல களிமண்ணு, ஓவியம், கூத்து, மதியத்துக்கு மேல பத்தாவது பாடம். அவ்ளோதான் டைம்டேபிள்.

இந்த பசங்க எங்க இருந்து வர்றாங்கன்னு சொல்லணும். எட்டாவது வரைக்கும் நம்ம ஊர்ல யாரையும் ஃபெயில் போட மாட்டாங்க, அது நல்லதுதான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா நாலாவதுலயே எழுத்துக் கூட்ட தெரியாத பையன் எட்டாவது வரைக்கும் கடைசி பெஞ்சுல சத்தம் போடாம உக்காந்து வந்துடுவான், யாருக்கும் தொந்தரவு இல்ல. ஒம்போதாவதுலதான் மாட்டுவான். அங்க இருந்து அடுத்த வருஷம் பத்தாவது, ரிசல்ட்டு பர்சன்டேஜ், ஹெச்.எம்முக்கு மீட்டிங்கு, அதனால ஏதோ ஒரு நாள் அம்மாவ கூப்பிட்டு ரொம்ப மரியாதையா "டிசி வாங்கிக்கோங்கம்மா, ப்ரைவேட்டா எழுதிக்கலாம், பையனுக்கும் ஃப்ரீயா இருக்கும்"னு சொல்லிடுவாங்க. எந்த ஸ்கூல்னு நான் சொல்லப் போறதில்ல, சொன்னா ஒண்ணோட முடியாது. கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயசுல இருந்து பதினாலு வரைக்கும்தான், ஒம்போதாவது வர்றப்ப பையனுக்கு பதினாலு முடிஞ்சிருக்கும். எல்லாரும் கரெக்டா கணக்கு பண்ணி வெச்ச மாதிரி.

வெளிய வந்தா சேலத்துல வேலைக்கு பஞ்சமே இல்ல. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு பட்டறை, அம்மாபேட்டை கொண்டலாம்பட்டி பக்கம் போனா தறி. கம்பி இழுக்கறது, சங்கிலி கோக்கறது, பத்த வைக்கிறது, மெருகு போடறதுன்னு ஒரு கொலுசுக்கு பத்து கை மாறும், அதுல ஏதாவது ஒரு கை இந்த பசங்களோடதா இருக்கும். 2016ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்த திருத்துனப்ப பதினாலுக்கு கீழ எந்த வேலைக்கும் வெக்கக் கூடாதுன்னு போட்டாங்க, கூடவே ஸ்கூல் நேரம் போக சொந்தக் குடும்பத் தொழில்ல உதவி பண்ணலாம்னும் போட்டாங்க. இங்க பட்டறையே வீட்டு நடுக்கூடத்துலதான் இருக்கு, எது உதவி எது வேலைன்னு எவன் வந்து பிரிப்பான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். படிப்பு வராத பசங்கள ஓவியம் கூத்துன்னு ஒக்கார வெச்சா ஏதோ ரிலாக்ஸா இருக்கும், மனசு லேசாகும், அப்பறம் மெதுவா படிப்புக்கு இழுத்துடலாம்னு நெறய பேரு நெனைக்கிறாங்க. பணம் குடுக்க வர்ற கம்பெனிக்காரங்களும் அப்படித்தான், வந்த உடனே பசங்க கைல பெயிண்ட தடவி செவுத்துல அச்சு வெக்க சொல்லுவாங்க, ஃபோட்டோ நல்லா வரும்ல. பதினாறு வயசு பையன், பட்டறைல பல்லக் கடிச்சிக்கிட்டு பத்து மணி நேரம் வேல பாத்தவன், அவன் கைல மஞ்ச பெயிண்ட தடவி "ஸ்மைல்"னு சொன்னா அவன் என்ன பத்தி என்ன நெனைப்பான்னு எனக்கு கூச்சமா இருக்கும்.

எங்க கூத்து வாத்தியார பாத்தா இந்த ரிலாக்ஸ் கதையெல்லாம் பறந்துடும். மேச்சேரி பக்கத்துல இருந்து பஸ் ஏறி வர்றாரு, அறுபது தாண்டுன மனுஷன், அவரே நாலாவதுக்கு மேல போகல. சேலம், மேட்டூர், எடப்பாடி சுத்து வட்டாரத்துல கோயில் நோம்பிக்கு விடிய விடிய ஆடற கூத்து இருக்கே, அதுல சின்ன வயசுல இருந்து வேஷம் கட்டுனவரு. நான் பாத்த எந்த ஸ்கூல் வாத்தியாரும் இவ்ளோ கோவக்காரர் இல்ல. "என்னடா அடி வெக்கிற, சேத்துல எருமை எறங்குன மாதிரி"ன்னு எல்லார் முன்னாடியும் கத்துவாரு. ஒரு பாட்ட இருபது தடவ திருப்பிப் பாட வைப்பாரு. தாளம் தப்புனா மூஞ்சிய திருப்பிக்கிட்டு போய் டீ குடிச்சிட்டு வருவாரு. ஒரு பையன் கூட இவருக்கு பயந்து வராம நின்னது இல்ல, இதே பசங்கதான் டீச்சர் லேசா ஒரு வார்த்த சொன்னாங்கன்னு ஸ்கூல் காம்பவுண்ட் ஏறிக் குதிச்சவங்க.

இது ஏன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அன்புன்னு சொல்லலாம், அவருக்கு அன்பு இருக்கு, ஆனா அது இல்ல காரணம். கொலுசு பட்டறைல இருந்து வந்த ஒரு பையன் இருந்தான், சென்டர்ல அவன் பேரே கொலுசுதான். வந்த புதுசுல வாயே தொறக்க மாட்டான், வாத்தியார் அவன பாத்துட்டு ஒண்ணும் கேக்கல, பகாசூரன் கூத்து ஒத்திகைல திரை பிடிக்க விட்டாரு. கூத்துல வேஷக்காரன் நேரா வந்து நிக்க மாட்டான், ரெண்டு பேரு ஒரு துணிய இழுத்துப் பிடிச்சிருப்பாங்க, அதுக்குப் பின்னாடி நின்னு அவன் பாட்டுலயே தன்ன யாருன்னு சொல்லுவான், கிரீடம் மட்டும் மேல தெரியும், கால்ல சலங்கை மட்டும் கீழ தெரியும், மிருதங்கம் ஏறி ஏறி வந்து ஒரு இடத்துல விழும்போது திரை எறங்கணும். ஒரு அடி முன்னாடி எறக்குனா வேஷக்காரன் வாயத் தொறந்துட்டு நிப்பான், ஒரு அடி பின்னாடி எறக்குனா அந்த வேகமே செத்துப் போயிடும். கொலுசு மொத நாள் ரெண்டு தப்பும் பண்ணான். வாத்தியார் திட்டுனாரு, மிருதங்கக்காரர் திட்டுனாரு, வேஷம் போட்டிருந்த பொடியன் கூட திட்டுனான். திட்டிட்டு எல்லாரும் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. அவன் சரியா எறக்குற வரைக்கும் எல்லாரும் திரும்பத் திரும்ப ஆரம்பிச்சாங்க.

ஸ்கூல்ல அது நடக்காது. அங்க ஒருத்தனுக்குப் புரியலைன்னா கிளாஸ் அவன விட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடும், நாப்பது பேர வெச்சிக்கிட்டு டீச்சரும் வேற என்னதான் பண்ணுவாங்க. எத்தனையோ வருஷமா தான் இல்லாமலே எல்லாம் நல்லபடியா நடக்கறத பாத்து பாத்து வந்த பையன் அவன். இங்க திரை எறங்கலைன்னா பகாசூரன் வர மாட்டான், பகாசூரன் வரலைன்னா பீமன் அத்தன வண்டி சோத்தையும் சும்மா தின்னுட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான், கத நகராது. நீ தப்பு பண்ணா எல்லாருக்கும் வேல கெடுது, அதனால எல்லாரும் உன் மேல கோவப்படறாங்க, அந்த கோவம் பசங்களுக்குப் புரியுது. மார்க் ஷீட்ல செவப்பு மையில வர்ற கோவம் யாருக்காகன்னு அவங்களுக்குப் புரியறதே இல்ல.

திரைல இருந்து பின்பாட்டு, பின்பாட்டுல இருந்து ஒரு சின்ன வேஷம், அப்பறம் பகாசூரனாவே ஆடுனான். அவங்க அம்மா ஒருநாள் வந்து "படிக்க வைங்கன்னு அனுப்புனா கூத்தாட சொல்லித் தர்றீங்களே மிஸ், பட்டறைல இருந்தா வாரத்துக்கு ரெண்டாயிரமாச்சும் வரும்"னு வாசல்ல நின்னு அழுதாங்க. என்னால அவங்கள தப்பு சொல்ல முடியல. வாத்தியார்தான் "அம்மிணி, ஒக்காரு, மொதல்ல தண்ணி குடி"ன்னு ஆரம்பிச்சி என்னமோ பேசுனாரு.

படிப்பு விஷயம் தனி. கொலுசுக்கு படிக்க வராது, ஆனா பாட்டும் வசனமுமா ஒரு நோட்டு நெறைய மனப்பாடம். வாத்தியார் வாயால சொல்லுவாரு, இவன் காதால புடிப்பான், வாத்தியாரும் அப்படித்தான் கத்துக்கிட்டாராம். நாங்க என்ன பண்ணோம்னா அவனுக்குத் தெரிஞ்ச அதே பாட்ட பெருசா சார்ட்ல எழுதி மாட்டி, பாடிக்கிட்டே ஒவ்வொரு வார்த்தையா விரல் வெச்சுக் காட்ட சொன்னோம். ஒரே வாரத்துல பிச்சு ஒதறுனான், எங்களுக்கு ஒரே சந்தோஷம். கூட இருந்த டீச்சருக்குத்தான் சந்தேகம், அவங்க சார்ட்ட வரி வரியா வெட்டி கலச்சு போட்டு அடுக்க சொன்னாங்க. அதையும் கரெக்டா அடுக்குனான். எப்படிடான்னு கேட்டா "நீட்டு வரி மொதல்ல, அப்பறம் குட்ட வரி, அப்பறம் ரெண்டு நடுத்தரம் அக்கா"ங்கறான். ஒரு எழுத்து படிக்கல! கொலுசுல எந்தக் கண்ணிக்கு அப்பறம் எந்தக் கண்ணின்னு பாத்துப் பழகுன கண்ணு அது. அப்பறம் எல்லா வரியும் ஒரே நீளத்துல வர்ற மாதிரி வார்த்தைய இடைவெளி விட்டு எழுதி வெட்டினோம், அப்பதான் வழி இல்லாம எழுத்தப் பாக்க ஆரம்பிச்சான். ன ண, ல ள ழ இதெல்லாம் இன்னமும் கொழப்பம்தான்.

இவன மாதிரி பசங்கள்ல சில பேருக்கு கற்றல் குறைபாடு இருக்கும், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இதையும் சேத்துருக்காங்க. சர்டிபிகேட் இருந்தா பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதலா தருவாங்க, சொல்றத எழுத ஆளு தருவாங்க. ஆனா ஒம்போது வருஷம் ஸ்கூல்ல இருந்தும் யாரும் ஒரு டெஸ்ட் எடுக்க சொல்லியிருக்க மாட்டாங்க. இப்ப நாங்க சொன்னா வீட்ல "எம் பையனுக்கு ஊனமா"ன்னு சண்டைக்கு வர்றாங்க. அந்த வாதத்துல நாங்க பாதிக்குப் பாதி தோத்துருவோம்.

ஏற்காட்டுலயும் கொஞ்ச நாள் வார லீவுல நடத்துனோம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் அதுக்கு மேல இன்னொரு மினி பஸ். மலையாளின்னு சொல்ற பழங்குடி ஜனங்க ஊருங்க, பசங்க நல்லா ஆடுவாங்க, தாளம் சொல்லித் தரவே வேணாம். நவம்பர் வந்தா காபி பழம் எடுக்க போயிடுவாங்க, அது முடியறதுக்குள்ள மிளகு வந்துடும், பங்குனி வரைக்கும் யாரும் கெடைக்க மாட்டாங்க. எங்க ப்ராஜக்ட் ரிப்போர்ட்ல அத 'ட்ராப் அவுட்'னு எழுத சொன்னாங்க. நான் சீசன்னு எழுதுனேன், அதுக்கு ஒரு மெயில் வந்துச்சு. ஒரு பொண்ணு மட்டும் எனக்கு மிருதங்கம்தான் வேணும்னு நின்னா, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு வாத்தியாரே கொஞ்ச நாள் இழுத்தடிச்சாரு, இப்ப அவதான் ஒத்திகைக்கு வாசிக்கிறா.

ஸ்கூல்லயும் இப்ப கலைத் திருவிழா நடத்துறாங்க, 2022ல இருந்து, கலையரசன் கலையரசின்னு பட்டம், நல்ல விஷயம், நான் இருந்த காலத்துல இது கூட கெடையாது. ஆனா அதுல மேடை ஏறுறது தெனமும் ஸ்கூலுக்கு வர்ற புள்ளைங்க. போட்டின்னாலே நல்லா பண்ணறவன தேடறதுதானே. திரை எறக்கத் தெரியாதவன்கிட்ட திரையக் குடுத்துட்டு அவனுக்காக காத்திருக்கறதுக்கு போட்டில எடம் இல்ல.

அடுத்து என்னன்னு கேப்பாங்க. ஒரு பையன் சேலம் அரசு இசைப்பள்ளில தவில் சேந்தான். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கெல்லாம் தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும், மூணு வருஷ கோர்ஸ், இது நெறய பேருக்கு தெரியாது. இந்த மாதிரி ஒண்ணு ரெண்ட விட்டா மத்த எதுக்கும் பெரும்பாலும் பத்தாவது வேணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. கலை மட்டும் போதும்னு சொல்றவங்க வீட்டுப் பசங்க கைல டிகிரி இருக்கும். ஓவியக் கல்லூரிக்கே ப்ளஸ் டூ கேக்கறாங்க. தனித்தேர்வரா எழுதணும்னா மொதல்ல அறிவியல் செய்முறை வகுப்புக்கு பேரு பதியணும், அந்தத் தேதிய விட்டா ஒரு வருஷம் போச்சு, சென்டர்ல கொட்ட எழுத்துல ஒட்டி வெச்சிருக்கோம்.

இதுல பெரிய தலவலி என்னன்னா பரிச்சையும் நோம்பியும் ஒண்ணா வரும். பங்குனி சித்திரைலதான் ஊரெல்லாம் கூத்து, அப்பதான் பத்தாவது எக்ஸாம். கொலுசு எழுதுன வருஷம் எடப்பாடி பக்கம் ஒரு ஊர்ல வாத்தியார் செட்டோட அவனுக்கு பகாசூரன் வேஷம் பேசியிருந்தாங்க, மொத தடவையா காசு வாங்கி ஆடப் போற ஆட்டம். தேதிய பாத்தா மறுநாள் இங்கிலீஷ் பேப்பர். வாத்தியார் ஒரு நிமிஷம் யோசிக்கல, வேற ஒருத்தர கூப்பிட்டுட்டாரு. இவனுக்கு வந்துச்சே கோவம். "நான் இல்லாட்டியும் நடக்கும்ல வாத்தியாரே, அப்பறம் எதுக்கு என்ன அந்த திட்டு திட்டுன?"

"நடக்கும் சாமி. கேவலமா நடக்கும். நீ போயி எழுது."

எழுதுனான். நாலு பேப்பர் தேறிடுச்சு, இங்கிலீஷ் சரியா 35. கணக்கு போச்சு. துணைத்தேர்வுக்கு ஃபீஸ் கட்டியாச்சு, காலைல பட்டறை, சாயந்தரம் சென்டர்னு வர்றான். சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வந்து கணக்கு சொல்லித் தர ஒரு ஆளத் தேடிட்டு இருக்கோம், பஸ் காசு மட்டும்தான் தர முடியும்.